வான்தூரம், வழிநேரம்: யாருடைய காலம் மிச்சமாகிறது?

1

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் சேலம் காமலாபுரம் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 265 கிலோமீட்டர். கால அட்டவணைப்படி பயண நேரம் 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி வரை. இந்த இரண்டு எண்களையும் வெறும் தகவலாக வாசித்துப் பழகியிருக்கிறோம். தகவல் என்பது எப்போதும் யாரோ ஒருவரின் இடத்திலிருந்து பார்க்கப்பட்டு, யாரோ ஒருவரின் தேவைக்காக எழுதப்பட்ட ஒரு பிரதி. ஆகவே இந்த எண்களை நிலம், அரசு, மூலதனம் மூன்றும் சேர்ந்து எழுதிய பிரதியாக வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வாசிப்பது பரமத்தி வேலூரிலிருந்து. விமான நிலையமும் ரயிலடியும் இல்லாத, காவிரிக் கரையில் வெற்றிலையும் வாழையும் விளைகிற ஊர் இது. எங்கிருந்து வாசிக்கிறோம் என்பது வாசிப்பை மாற்றும் என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எண்கள் எப்படி உண்டாகின்றன என்று பார்ப்போம். 265 என்பது யாரும் நடந்தோ பறந்தோ அளந்த தூரம் அல்ல. இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை எடுத்துக்கொண்டு, பூமியை ஒரு கோளமாகக் கொண்டு, அதன் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வில்லைக் கணக்கிடுகிறார்கள். இக்கணக்கில் சேர்வராயன் மலை இல்லை, செய்யாறு இல்லை, தென்பெண்ணை இல்லை, வயல் இல்லை, மனிதர் இல்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருப்பதெல்லாம் வெற்றிடம்.

நேரமும் அப்படித்தான். சேலம் வழித்தடத்தில் ஓடிய ஏடிஆர் வகைச் சிறு விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் பறக்கக் கூடியது. கணக்குப்படி 265 கிலோமீட்டருக்கு 32 நிமிடம் போதும். அட்டவணை ஏன் 50, 55 என்று சொல்கிறது? சக்கரத்தின் அடியில் வைத்த கட்டையை எடுத்த நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நொடி வரை உள்ளதையே விமானக் கம்பெனிகள் 'பயண நேரம்' என்கின்றன. தரையில் ஊர்வது, ஓடுபாதைக்குக் காத்திருப்பது, மேலேறுவது, இறங்க உத்தரவு வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. தாமதமானாலும் 'குறித்த நேரத்தில்' வந்ததாகக் காட்டிக்கொள்ள, கொஞ்சம் கூடுதல் நிமிடங்களையும் அதில் செருகி வைக்கிறார்கள். 15 நிமிடம் வரை பிந்தினால் அது தாமதமே இல்லை என்பது இத்துறையின் வழக்கம். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்கு இப்படி ஒரு சலுகையை யாரும் தருவதில்லை.

இந்த நேரம் விமானத்தின் நேரம். பயணியின் நேரம் அதற்கு முன்பே தொடங்கி, அதற்குப் பின்பும் நீள்கிறது. அது எந்த அட்டவணையிலும் கிடையாது.

2

தமிழில் தூரமும் காலமும் ஒரே சொல்லில் கூடியிருந்த வழக்கு ஒன்று உண்டு. 'நாழிகைவழி' என்றார்கள். ஒரு நாழிகை, அதாவது 24 நிமிட நேரத்தில், ஒரு மனிதன் நடந்து கடக்கும் தொலைவு; ஏறக்குறைய ஒன்றரை மைல். காதம் என்பது சுமார் பத்து மைல். இந்த அளவைகளின் அடிப்படை மனித உடம்பு, அதன் கால்கள், அது களைத்து உட்காரும் இடம். ஏறுமுகமான வழியில் காதம் குறுகும், சமவெளியில் நீளும் என்றெல்லாம் குறை சொல்வார்கள். அதைக் குறையென்று ஏன் சொல்ல வேண்டும்? நடக்கிறவனுடைய உழைப்பு அளவையிலேயே பதிவாகியிருக்கிறது என்றும் அதை வாசிக்கலாம்.

சேலம் மாவட்டம் ஆறகழூரில் ஒரு காதக்கல் உண்டு. மகதேசன் பெருவழியில் காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்று அக்கல் சொல்கிறது. எழுத்தில் சொன்னதோடு நிற்காமல் கல்லில் 16 குழிகளையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்தறியாதவர் விரலால் தொட்டு எண்ணிக்கொள்ளலாம், கண் தெரியாதவரும் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லும் இதே வகையைச் சேர்ந்தது. தூரம் பற்றிய தகவல் எழுத்தறிந்தவரின் தனிச்சொத்தாக இல்லாத ஒரு பொதுவெளியை இக்கற்களில் காண முடிகிறது.

உடனே பழம்பெருமை பேசக் கிளம்பிவிடக் கூடாது. பெருவழிகள் படைக்கும் வணிகச் சாத்துக்கும் வரி வசூலுக்கும் போடப்பட்டவை. கல்லில் குழி வெட்டிய அதே சமூகம்தான் எந்தச் சாதி எந்தத் தெருவில் நடக்கலாம் என்றும் விதித்தது. ஒரு தெருவைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தவர்களின் காதம் மற்றவர்களின் காதத்தைவிட நீளமானது. வைக்கத்தில் 1924-25இல் நடந்த போராட்டம் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்கானது என்பதை நினைவுகொள்ள வேண்டும். இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள தூரம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததே இல்லை. கிலோமீட்டர் என்ற நவீன அளவை எல்லோருக்கும் ஒன்று என்கிறது. அந்தப் பொதுமையில் ஒரு சனநாயக வாக்குறுதி இருப்பதை மறுக்க முடியாது. அந்த வாக்குறுதி எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பதே கேள்வி.

3

நேர்கோட்டுத் தூரம் என்ற கருத்து தமிழ்நாட்டு நிலத்தின் மீது முறையாகச் சுமத்தப்பட்ட இடத்தைத் துல்லியமாகச் சொல்லலாம். 1799இல் திப்பு வீழ்ந்தார். மூன்றாண்டுக்குள், 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைக்கு அருகே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி அங்கிருந்துதான் கிளம்பியது. இன்றைய மீனம்பாக்கம் விமான நிலையம் அதே பரங்கிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அது வரலாற்றின் ஒரு நகைச்சுவையாகப் படுகிறது.

லாம்டனின் பெருவில் தெற்கு வடக்காக ஏறக்குறைய 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிச் சென்றது. பரமத்தி வேலூர் அந்த 78ஆம் தீர்க்கரேகையின் மேலேயே இருக்கிறது என்று சொல்லலாம். காமலாபுரம் ஓடுபாதை அதற்குச் சில கிலோமீட்டர் கிழக்கே. வரைபடக் கட்டத்துக்குள் எங்கள் ஊர் நுழைந்தது இந்த வகையில்தான். ஓர் ஊரை அதன் ஆறு, சந்தை, கோயில், சாதித்தெரு ஆகியவற்றால் அறிவதற்குப் பதில், இரண்டு எண்களால் அறிய முடியும் என்றானது. இன்றைய விமானத் தூரக் கணக்கு லாம்டனின் முக்கோணங்களுக்கு நேர்ப் பேரன். நிலத்தை அளந்தவர்களின் நோக்கம் அறிவியலோடு நிற்கவில்லை. அளக்கப்பட்ட நிலம் வரி விதிக்கத் தக்க நிலம், படை நகர்த்தத் தக்க நிலம்.

தூரத்துக்கு அடுத்தபடி காலம். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் வானாய்வு நிலையம் அமைத்தது. அதன் தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்பட்ட சென்னை நேரம், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கள் பொதுவாகப் பின்பற்றியது இந்த நேரத்தைத்தான். வேலூரில் சூரியன் உச்சிக்கு வருவது சென்னைக்கு ஒன்பது நிமிடம் பிந்தி. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் தர நேரம் வந்தபோது இந்த இடைவெளி 18 நிமிடமாயிற்று. கடிகாரம் 12 அடிக்கும்போது எங்கள் ஊரில் உச்சிப்பொழுது ஆகியிருக்காது. இன்றும் அப்படியே. அதே 1906 ஜனவரியில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் புதிய நேரத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். கடிகாரத்தை முன்னால் தள்ளினால் இருட்டோடு எழுந்து வேலைக்கு ஓடவேண்டியது தாங்கள்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 'தர நேரம்' என்ற நடுநிலையான சொல்லுக்குள் உழைப்பு நேரம் பற்றிய சண்டை இருக்கிறது என்பதைக் கோட்பாட்டாளர்கள் எழுதுவதற்கு முன்பே அவர்கள் கண்டுகொண்டார்கள்.

ராயபுரத்திலிருந்து 1856இல் கிளம்பிய ரயில் 1861இல் சேலத்துக்கு வந்தது. பல நாள் வண்டிப் பயணம் ஒரு நாளுக்குள் சுருங்கியது. மூலதனம் தன் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் வழியில் இடத்தைக் காலத்தால் அழிக்கப் பார்க்கிறது என்று மார்க்ஸ் குறிப்பேடுகளில் எழுதிவைத்தது 1857-58இல், ஏறக்குறைய இதே வருடங்களில்தான். இடம் சுருங்கியதால் யாருக்கு என்ன கிடைத்தது? 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மிகக் கொடூரமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தானியம் விலை எங்கே அதிகமோ அங்கே விரைவாகப் போய்ச் சேர்ந்தது. வாங்கக் காசில்லாதவர்கள் தண்டவாளத்தின் ஓரத்திலேயே செத்தார்கள். வேகம் வந்துவிட்டால் வளம் தானாக வரும் என்ற கதையாடலுக்கு இந்த மாவட்டம் கொடுத்த விலை அது.

ரயில் எங்கள் ஊரைத் தொடவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சேலம் - நாமக்கல் - கரூர் அகலப் பாதை 2013இல்தான் திறக்கப்பட்டது. அதுவும் மோகனூர் வழியாகக் காவிரியைக் கடந்து போய்விட்டது. ரயில் வந்து 150 வருடம் கழித்தும் வேலூர்க்காரருக்கு ரயில் என்றால் பஸ் ஏறிப்போய்ப் பிடிக்கவேண்டிய ஒன்று.

4

விமானத்தின் கதைக்கு வருவோம். 1932 அக்டோபர் 15 அன்று டாட்டா விமானத் தபால் கராச்சியிலிருந்து கிளம்பி, பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னை வரை வந்தது. தொடக்கத்தில் பறந்தவை கடிதங்கள், மனிதர்கள் பிறகுதான். 1953இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையாக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் தாராளமயம் வந்தபோது முதலில் திறந்துவிடப்பட்ட துறைகளில் இதுவும் ஒன்று. 1953ஆம் வருடச் சட்டம் 1994இல் நீக்கப்பட்டது.

சேலம் விமான நிலையம் இந்தக் கதவு திறந்த நேரத்தில் பிறந்த குழந்தை. 1993இல் திறக்கப்பட்டது. காற்றாலைத் தொழிலிலிருந்து விமானத்துக்குத் தாவிய சென்னை நிறுவனமான என்இபிசி இங்கிருந்து விமானம் விட்டது, சீக்கிரமே நிறுத்தியது. 1997இல் அந்த விமானக் கம்பெனியே முடங்கிப்போனது. பிறகு பல வருடம் ஓடுபாதை வெயிலில் காய்ந்தது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது, 2011இல் போனது. அடுத்த வருடம் அந்தக் கம்பெனியும் தரையிறங்கி, திரும்ப எழவே இல்லை. 2018 மார்ச் 25 அன்று மத்திய அரசின் 'உடான்' திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, இதே மாவட்டத்துக்காரர், தொடங்கி வைத்தார். 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ என்று மறுபடி வேறு கம்பெனிகள்.

முப்பது வருடத்தில் கம்பெனி வருவதும் போவதுமாக இருந்தது. மாறாமல் இருந்தது இரண்டு: 265 கிலோமீட்டர், ஒரு மணிக்குள் பயணம். ஒவ்வொரு தடவையும் அதே எண்களே விளம்பரம், அதே எண்களே கனவு.

உடானின் உள்கட்டுமானம் நம் விவாதத்துக்கு முக்கியமானது. சாதாரணக் குடிமகன் பறக்கட்டும் என்பது அத்திட்டத்தின் பெயருக்கு உரை. ஹவாய்ச் செருப்பு போட்டவரும் விமானத்தில் ஏறவேண்டும் என்று 2017இல் சிம்லாவில் தொடங்கிவைக்கும்போது பிரதமர் பேசினார். சுமார் 500 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பறப்புக்குக் கட்டணம் 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு. இறக்கை விமானத்துக்குக் கட்டணம் கிலோமீட்டர் கணக்கில். ஹெலிகாப்டருக்கு நிமிடக் கணக்கில். விமானத்தின் இருக்கைகளில் சுமார் பாதிக்குத்தான் இந்த உச்சவரம்பு. கம்பெனிக்கு ஏற்படும் இழப்பை அரசு மூன்று வருடம் ஈடுகட்டும். அதற்கான பணம் பெரிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்கள் மீது போடும் தீர்வையிலிருந்தும், ஒரு பகுதி மாநில அரசிடமிருந்தும் வரும். சேலத்தில் விமானம் ஓடியது மூன்று வருடம் சொச்சம் என்பதை மானியக் காலத்தோடு பொருத்திப் பார்க்கலாம்.

2020 மே மாதம், பொதுமுடக்கத்துக்குப் பின் விமானங்கள் மறுபடி கிளம்பியபோது அரசு வேறொரு அட்டவணை போட்டது. அதில் கட்டண வரம்பு தூரத்தைப் பொறுத்ததாக இல்லை, பறக்கும் நிமிடத்தைப் பொறுத்ததாக இருந்தது: 40 நிமிடத்துக்குக் கீழ், 40 முதல் 60, 60 முதல் 90 என்று 210 நிமிடம் வரை ஏழு பிரிவு. 2022 ஆகஸ்ட் வரை அது நடப்பில் இருந்தது. அதாவது நிமிடமே சட்டபூர்வமான விலை அலகாகியது. அதே 2020 மே மாதத்தில் நெடுஞ்சாலைகளில் நடந்துபோன புலம்பெயர் தொழிலாளர்களின் பயண நேரத்துக்கு ஏழு பிரிவும் இல்லை, ஒரு பிரிவும் இல்லை.

5

இனி வேலூர்க் கணக்கு. எங்கள் ஊரிலிருந்து விமானம் ஏற மூன்று திசை உண்டு. வடக்கே சேலம் காமலாபுரம், சாலை வழியே சுமார் 90 கிலோமீட்டர். கிழக்கே திருச்சி, கரூரைச் சுற்றிப் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல். மேற்கே கோவை, அதற்கும் சற்றுத் தள்ளி. மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா போகிறவர்கள் பெரும்பாலும் திருச்சிக்குப் போவார்கள். சென்னைக்கு விமானத்தில் போவதாக இருந்தால் சேலம் என்று வைத்துக்கொள்வோம்.

பஸ்ஸில் நாமக்கல், சேலம், அங்கிருந்து ஓமலூர் போகும் பஸ் பிடித்துக் காமலாபுரம்: இது மூன்று மணி நேரம். விமானத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகவாவது போய் நிற்கவேண்டும். பறப்பு ஒரு மணி. மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வந்து போகவேண்டிய இடம் போய்ச்சேர ஒன்றரை மணி. ஆக ஏழு மணி நேரம். வேலூரில் ராத்திரி பஸ் ஏறினால் ஏறக்குறைய 370 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரத்தில் விடியற்காலை சென்னை. "அதுக்கு நம்ம பஸ்ஸே தேவலைங்க, தூங்கிக்கிட்டே போயிரலாம்" என்று எங்கள் ஊரில் சொல்வது கிண்டலுக்காக மட்டும் அல்ல, கணக்கும் அதுதான்.

கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். இவான் இலிச் 1970களில் ஒரு கேள்வி கேட்டார். காரில் போகும் நேரத்தோடு, காரை வாங்கவும் ஓட்டவும் சம்பாதிக்க உழைக்கும் நேரத்தையும் சேர்த்தால் உண்மையான வேகம் என்ன? சராசரி அமெரிக்கர் வருடத்துக்கு 1,600 மணி நேரத்தைக் காருக்குக் கொடுத்து 7,500 மைல் போகிறார். மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை என்று காட்டினார். இதை எங்கள் ஊருக்குப் போட்டுப் பார்த்தேன். 2018-19இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 224 ரூபாய். விமானச் சீட்டு 1,500 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட ஏழு நாள் கூலி, சுமார் 54 மணி நேர உழைப்பு. பயணத்தின் ஏழு மணியைச் சேர்த்தால் 61. 370 கிலோமீட்டரை 61ஆல் வகுத்தால் மணிக்கு 6 கிலோமீட்டர். நாழிகைவழிக் கணக்கில் நடந்துபோனவரின் வேகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பஸ் கட்டணம் 300 ரூபாய் என்று கொண்டால் பதினோரு மணி நேரக் கூலி. எட்டு மணிப் பயணம். ஆக 19 மணி. வேகம் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல். கூலிக்காரருக்கு விமானத்தைவிட பஸ் மூன்று மடங்கு வேகமானது!

இது வெறும் எண் விளையாட்டு என்று சிலர் சொல்லக்கூடும். மணிக்கு இரண்டாயிரம் ரூபாய் சம்பாதிக்கிறவருக்கு இதே வகுத்தலைச் செய்து பாருங்கள், விமானம் ஜெயிக்கும். வேகம் என்பது இயந்திரத்தின் இயல்பு மட்டுமல்ல, வர்க்க உறவின் பெயரும்கூட என்பதே இதிலிருந்து பெறவேண்டியது. வேகத்தை அரசியலாகப் படிக்கவேண்டும் என்று பால் விரிலியோ சொன்னதை நாமக்கல் சமவெளியில் வைத்துச் சொன்னால் இப்படித்தான் வரும்.

இங்கே காலத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்த இரண்டு தரப்பார் உண்டு. ஒருவர் வெற்றிலை விவசாயி. கொடியிலிருந்து கிள்ளிய இலை ஒரு நாள் தப்பினால் விலை போகாது. நூறு இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை என்று கட்டி, ஏலத்தில் விட்டு, வடநாட்டுச் சந்தை வரை அனுப்புகிறார்கள். இலை வாடும் வேகம்தான் அவர்களின் கடிகாரம். மற்றவர் லாரி டிரைவர். நாமக்கல், திருச்செங்கோடு பகுதியின் லாரிகளும் போர்வெல் வண்டிகளும் போகாத மாநிலம் இல்லை. அவர்களிடம் தூரம் கேட்டால் கிலோமீட்டர் சொல்லமாட்டார்கள். "ரெண்டு ராத்திரி ஓட்டம்" என்பார்கள். அதிலும் ஓடுகிற நேரத்தைவிட, லோடு ஏத்தவும் எறக்கவும் செக்போஸ்டிலும் காத்துக் கெடக்குற நேரம் அதிகம் என்பார்கள். இவர்களுடைய நேரத்தை மிச்சம் பிடிக்க எந்த அரசும் அவசரப்பட்டதில்லை.

6

2018ஆம் வருடத்தை வரிசைப்படுத்திப் பார்த்தால் காலம் பற்றிய அரசியல் அம்மணமாகத் தெரியும். ஜனவரியில் தமிழக அரசு பஸ் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தியது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிப்ரவரியில் சென்னை - சேலம் எட்டு வழிச் சாலை பற்றிய செய்தி. மார்ச்சில் சேலத்துக்கு மானிய விமானம். பெரும்பான்மையோர் போகும் வண்டிக்கு விலை கூட்டி, சிலர் போகும் வண்டிக்கு மானியம் கொடுத்த அதே காலாண்டில், இன்னும் வேகமான ஒரு சாலைக்காக நிலத்தையும் கேட்டார்கள்.

எட்டு வழிச் சாலை 277 கிலோமீட்டர், மதிப்பு 10,000 கோடி. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஐந்து மாவட்டங்கள். பயண நேரம் இரண்டேகால் மணியாகக் குறையும் என்றார்கள். இந்த 277ஐ விமானத்தின் 265க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடங்கும், முடியும் இடங்கள் சற்றே வேறு என்றாலும், வித்தியாசம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். செங்கம், அரூர் வழியாக அந்தச் சாலை போட்ட கோடு ஏறக்குறைய விமானம் பறக்கும் கோடு. வானத்திலிருந்த நேர்கோட்டைத் தரையில் இறக்கிவைக்கப் பார்த்தார்கள் என்பதே என் வாசிப்பு. வானத்தில் அந்தக் கோடு போகும்போது நடுவில் எதுவும் இல்லை. தரையில் இறங்கியதும் கிணறு வந்தது, தென்னை வந்தது, மலையடிவாரக் காடு வந்தது, முட்டுக்கல்லைப் பிடுங்கி எறிந்த பெண்கள் வந்தார்கள். வெற்றிடம் என்று கணக்கில் போட்டது வெற்றிடமாக இல்லை.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் நடவடிக்கையை ரத்துசெய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பு செல்லும் என்றது. ஆனால் வருவாய்ப் பதிவேடுகளில் பெயர் மாற்றியது செல்லாது என்றது.

இதே 2018இல் காமலாபுரம் விமான நிலைய விரிவாக்கத்துக்காகக் காமலாபுரம், பொட்டியாபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஊர்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கக் கல் நட முயன்றார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் கைதானார்கள். ஓர் ஏடிஆர் விமானத்துக்கு இருந்த ஓடுபாதை போதும். 570 ஏக்கர் கேட்டது இனி வரப்போகும் பெரிய விமானங்களின் பெயரால். வராத விமானத்தின் நேரத்துக்காக இருக்கிற விவசாயியின் நிலம். "மேல பறக்குறதுக்கு ஏனுங்க கீழ இத்தன நெலம்?" என்ற கேள்வியை அறியாமை என்று சிரிக்கலாம். அது இந்த முழுப் பொருளாதாரத்தின் மையத்தில் விழுந்த கேள்வி.

மிச்சமாகும் நேரத்தைப் பணமாக மாற்றும் சூத்திரம் ஒன்று சாலைப் பொறியியல் கையேடுகளில் இருக்கிறது. ஒரு சாலை லாபமா நட்டமா என்று பார்க்கும்போது, பயணிகள் மிச்சம் பிடிக்கும் மணிகளை ரூபாயாக்கி வரவில் எழுதுவார்கள். காரில் போகிறவரின் ஒரு மணிக்கு அதிக விலை, பஸ்ஸில் போகிறவரின் ஒரு மணிக்குக் குறைந்த விலை. மாட்டை அக்கரைக்கு ஓட்டிப்போக எட்டு வழியைச் சுற்றி வரவேண்டியவரின் கூடுதல் நடைக்கு வரவிலும் இடமில்லை, செலவிலும் பெரும்பாலும் இடமில்லை. பழைய தெருவைச் சுற்றிப் போகவேண்டியிருந்தவர்களின் நீண்ட காதம் இங்கே வேறு உருவில் திரும்பி வருகிறது. சாதி விதித்த சுற்றுவழியும் வளர்ச்சி விதிக்கும் சுற்றுவழியும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும், ஒருவரின் வழி நேராவதற்கு இன்னொருவரின் வழி வளையவேண்டியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022இல் அந்த இடம் அறிவிக்கப்பட்டது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் தேவை. ஏரிகளும் நஞ்சையும் அடங்கிய நிலம். ஏகனாபுரம் மக்கள் அந்த வருடத்திலிருந்தே எதிர்த்து நிற்கிறார்கள். பரந்தூர் சென்னைக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டர். நாளைக்குச் சேலம் விமானம் அங்கிருந்து கிளம்புவதாக வைத்துக்கொண்டால், வான்தூரம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் குறையும். அட்டவணையில் பறக்கும் நிமிடமும் குறையும். சென்னைப் பயணியோ விமானம் ஏறவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் சாலையில் போகவேண்டும். எண் அழகாகும், பயணம் நீளும். 'சென்னை - சேலம்' என்று எழுதினாலும் அட்டவணை அளப்பது நகரங்களுக்கு நடுவில் உள்ள தூரத்தை அல்ல, இரண்டு வேலிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

7

விமானமே வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. உயிர் காக்கும் சிகிச்சைக்கு ஓர் உறுப்பு ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. மலேசியாவில் உழைக்கும் மகன் தாயின் சாவுக்கு வரவேண்டியிருக்கிறது. அந்த நிமிடங்களின் அருமையை யாரும் மறுக்க முடியாது. வெளி என்பது தானாக இருப்பதல்ல, உற்பத்தி செய்யப்படுவது என்றார் ஹென்றி லெஃபெவ்ர். உற்பத்தி செய்யப்படுகிறது என்றால், எப்படி உற்பத்தி செய்யவேண்டும் என்று கேட்கும் உரிமையும் எல்லோருக்கும் வருகிறது.

அந்த உரிமையை நடைமுறையில் எப்படிக் கேட்பது? போராட்டக் களங்களில் இதுவரை நாம் நிலத்தின் மதிப்பைப் பற்றிப் பேசினோம், இழப்பீடு பற்றிப் பேசினோம், சுற்றுச்சூழல் பற்றிப் பேசினோம். எதிர்த்தரப்பு ஒவ்வொரு முறையும் காலத்தைப் பற்றிப் பேசியது. 'ஐந்து மணி இரண்டேகால் ஆகும்', 'ஒரு மணியில் சென்னை' என்று. அந்தச் சொல்லாடலை அவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டோம். இனி காலத்தின் கணக்கையும் நாம் போடவேண்டும். பொது விசாரணை நடக்கும் ஒவ்வொரு ஊரிலும், மிச்சமாகப்போகும் மணிகள் யாருடையவை, எத்தனை பேருடையவை என்று கேட்கலாம். கூடப்போகும் மணிகள் யாருடையவை என்றும் கேட்கலாம். ஒரு வழித்தடத்துக்கு மூன்று வருடம் கொடுக்கும் மானியத்தில் வேலூரிலிருந்து எத்தனை பஸ் விடலாம் என்று கணக்குப் போட்டு அச்சடித்துக் கொடுக்கலாம். கூலியோடு சேர்த்த வேகம் என்ன என்ற வகுத்தலை எட்டாம் வகுப்பு படித்த யாரும் செய்யமுடியும்.

ஆறகழூர்க் கல்லில் தூரத்தைக் குழியாக வெட்டியவர்கள், எழுத்து தெரியாதவரும் தூரத்தை அறியவேண்டும் என்று நினைத்தார்கள். எட்டு வழிச் சாலையின் அறிக்கைகள் இங்கிலீஷில் வந்தன, நிலம் கொடுக்கவேண்டியவர்களின் கைக்குக் கடைசியில் வந்தன. தொட்டு எண்ணக்கூடிய ஒரு கணக்கை ஊர் ஊராகக் கொண்டுபோவது இப்போதைய வேலை.